எங்கே என்ற கேள்வி

நெல்லியாளம், பந்தலூர், சேரம்பாடி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாருக்காவது மார்பில் கட்டி என்று தெரிந்தால் பயணம் மூன்று திசைகளில் பிரியும். ஊட்டி வழியாகக் கோவை, சுரம் இறங்கிக் கோழிக்கோடு, இல்லையென்றால் தலச்சேரி மலபார் கேன்சர் சென்டர். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஸ்கேன், ரசீதுகள், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் இரண்டு பக்க ஆங்கில ரிப்போர்ட். லயன் வீடுகளில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் அது அவனிடம் வந்து சேரும். "தம்பி, என்னன்னு போட்டிருக்கு பாரு" என்பார்கள். என்ன நோய், என்ன ஸ்டேஜ், என்ன செலவாகும் என்பதே அவர்களுக்குத் தெரியவேண்டியது.

அப்படி வந்த சில ரிப்போர்ட்டுகளை வாசித்தபோது எனக்கு உறைத்தது, அதில் பாதிக்கு மேல் 'எங்கே' என்பதைப் பற்றியே எழுதியிருக்கிறது என்பது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: உட்கருவில் சாயம் ஏறியிருக்கிறது. ஹெர்-2: செல்சவ்வைச் சுற்றி முழுமையாகவும் அழுத்தமாகவும் சாயம், 3+. ஈ-கேடெரின்: சவ்வில் காணவில்லை. பேத்தாலஜிஸ்ட் ஒவ்வொரு வரியிலும் ஒரு புரதத்தின் பெயரைச் சொல்லி, உடனே அது செல்லின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்றும் சொல்கிறார். இடத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உட்கருவுக்குள் தெரிந்தால்தான் கணக்கு. நூறு செல்லில் ஒன்றில் அப்படித் தெரிந்தாலும் ஹார்மோன் சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். ஹெர்-2 நேர்மாறு. செல்லின் உள்ளே சிதறிக் கிடக்கும் சாயத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட புற்றுச்செல்களில் சவ்வைச் சுற்றி முழு வளையமாகத் தெரியவேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் மருந்து. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் ஓர் எதிர்ப்பொருள். செல்லின் வெளிப்புறத்திலிருந்து ஹெர்-2வைப் பற்றுகிறது. பற்றுவதற்கு ஏற்பி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். சாதாரண செல்லில் சில பத்தாயிரம் என்ற அளவில் இருக்கும் ஹெர்-2, மரபணுப் பிரதிகள் பெருகிய புற்றுச்செல்லில் இருபது லட்சம் வரை போகும். அந்த நெரிசலில் ஏற்பிகள் ஒன்றோடொன்று மோதி ஜோடி சேர்கின்றன. ஜோடி சேர்வதுதான் 'பெருகு' என்ற கட்டளை. எண்ணிக்கை கூடியதால் வந்த நோய் என்று இதைச் சொல்வது வழக்கம். எண்ணிக்கை கூடினால் இடைவெளி குறைகிறது, இடைவெளி குறைந்ததால் வந்த நோய் என்று சொன்னாலும் தப்பில்லை.

2003இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு இதை இன்னும் துலக்கமாக்கியது. நம் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஹெர்-2வைத் தூண்டிவிடும் ஹெரெகுலின் என்ற பொருளைத் தாங்களே சுரக்கின்றன. அதே செல்களில் தூண்டப்படுவதற்கான ஏற்பியும் இருக்கிறது. இருந்தும் ஒன்றும் நடப்பதில்லை. தூண்டும் பொருள் செல்லின் மேற்புறத் திரவத்தில். ஏற்பி செல்லின் பக்கவாட்டிலும் அடியிலும். நடுவில் செல்களை இறுக்கிக் கட்டும் இணைப்புகள். சுவரில் காயம் பட்டால் மட்டும் அந்தத் தடை உடைகிறது, இரண்டும் சந்திக்கின்றன, செல்கள் பெருகிக் காயத்தை மூடுகின்றன. மூடியதும் பழையபடி பிரிவு. ஆரோக்கியம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிரித்துவைத்தல்தான் என்று அந்தக் கட்டுரையைப் பற்றி அறிந்தபோது தோன்றியது. வேண்டிய எல்லாம் உடம்பில் இருக்கின்றன, வேண்டாத சேர்க்கைக்கு வேண்டியவையும் சேர்த்தே. அவை சேராமல் இருப்பதற்கு ஓயாமல் வேலை நடக்கிறது.

*

மூலக்கூறுகள் எங்கே, எப்படி அடுக்கப்படுகின்றன என்பதே நோயாகும் என்ற பாடத்துக்கு நீலகிரியில் ஒரு பழைய அத்தியாயம் உண்டு. அது புற்றுநோய் பற்றியதல்ல. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு இந்தியாவிலும் இருக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று அதுவரை உலகம் நினைத்திருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1949இல், லைனஸ் பாலிங்கின் குழு இதே நோயை ஒரு மூலக்கூறின் நோய் என்று அறிவித்திருந்தது. 1950களின் நடுவில் வெர்னன் இங்க்ராம் ஹீமோகுளோபின் சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம், ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின், மாறியிருப்பதைக் கண்டார்.

ஆனால் அந்த மாற்றம் மட்டும் நோயல்ல. ஆக்ஸிஜன் ஏந்தியிருக்கும்வரை மாறிய ஹீமோகுளோபினும் மற்றதைப் போலவே செல்லுக்குள் தனித்தனியாக மிதந்து தன் வேலையைச் செய்கிறது. ஆக்ஸிஜனை இறக்கியதும் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று ஒட்டுகிறது. ஒட்டி ஒட்டிப் பதினான்கு இழைகள் முறுக்கிய கயிறாக நீள்கிறது. கயிறு நீள நீள வட்டச் செல் அரிவாளாக வளைகிறது, சிறு நாளங்களில் சிக்குகிறது. அதே மூலக்கூறு, அதே செல், அதே எண்ணிக்கை. சிதறி இருந்தால் ஒரு மனிதர் மலையேறுகிறார், வரிசை கட்டினால் வலியில் சுருண்டு கிடக்கிறார். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. உலகெங்கும் இவர்களுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் முக்கியமானது ஹைட்ராக்ஸியூரியா. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட மருந்து அது. கருப்பருவத்து ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கச் செய்கிறது. அந்த ஹீமோகுளோபின் கயிற்றில் சேராது, சேர்கிறவற்றுக்கு நடுவில் நின்று கயிறு நீள்வதைத் தடுக்கிறது. மரபணுவின் பிழை அப்படியே இருக்கிறது. மூலக்கூறுகளின் அணிவகுப்பு மட்டும் கலைக்கப்படுகிறது.

அரிவாள் செல்லில் உட்கருவே கிடையாது. ஒரே புரதம் நிரம்பிய பை என்று சொல்லிவிடலாம். புற்றுச்செல் அப்படி எளிமையானதல்ல. பத்து இருபது மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள், அவற்றைப் பிரித்துவைக்கும் அறைகள், உள்ளும் புறமும் கொண்டுபோகும் வழிகள், இவை எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏவை மடித்து வைத்திருக்கும் உட்கரு. அந்த மடிப்பிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் உட்கருவுக்குள் தனக்கென்று ஒரு பகுதி உண்டு. எந்தக் குரோமோசோமுக்கு எது அண்டை என்பது செல்லுக்குச் செல் வேறுபடும்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் கதை அந்த அண்டையிலிருந்து தொடங்குகிறது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல்லும் டேவிட் ஹங்கர்போர்டும் இந்நோயாளிகளின் செல்லில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். குட்டையானது எப்படி என்பது 1973இல் தெரிந்தது. சிகாகோவின் ஜேனட் ரௌலி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் புகைப்படங்களை வெட்டி அடுக்கிப் பார்த்து, 22ஆவதில் காணாமல்போன துண்டு 9ஆவதன் நுனியில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. இரத்தம் உண்டாக்கும் செல்களில், உடைந்த இடங்களில் இருக்கும் பிசிஆர், ஏபிஎல் என்ற இரு மரபணுக்களும் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமாக இருக்கின்றன என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டின. உடைந்த முனைகள் ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் முதலில் அவை பக்கத்தில் இருந்தாகவேண்டும்.

ஒட்டியதில் பிறந்த புதுப் புரதம் பிசிஆர்-ஏபிஎல். இதில் ஏபிஎல் என்ற பாதி இயல்பாக உட்கருவுக்கும் அதன் வெளியே உள்ள சைட்டோபிளாசத்துக்கும் இடையே போய்வரும். டிஎன்ஏ சேதமடைந்தால் உட்கருவுக்குள் நின்று செல்லைச் சாவுக்குத் தள்ளுவது அதன் வேலைகளில் ஒன்று. ஒட்டுப் புரதமோ சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து 'பெருகு, சாகாதே' என்று ஓயாமல் சமிக்ஞை விடுகிறது. 2001இல் பாவ்லோ விக்னேரியும் ஜீன் வாங்கும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மருந்தால் இந்தப் புரதத்தை உட்கருவுக்குள் நுழைய வைத்து, இன்னொரு மருந்தால் அது வெளியேறும் வழியை அடைத்து, பிறகு முதல் மருந்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே சிக்கிக்கொண்ட அதே பிசிஆர்-ஏபிஎல் விழித்தெழுந்து தான் வளர்த்த புற்றுச்செல்லையே கொன்றது. புரதத்தில் ஓர் அணுகூட மாற்றப்படவில்லை. இருந்த இடம் மாறியது, அவ்வளவுதான். புற்றுநோய் ஆராய்ச்சியில் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் தொந்தரவு செய்த சோதனை இதுதான். கெட்ட மரபணு, நல்ல மரபணு என்று பிரித்துப் பேசிப் பழகிவிட்ட நமக்கு, ஒரே புரதம் வாசலுக்கு வெளியே கொலைகாரனையும் உள்ளே காவலாளையும் போல நடந்துகொள்வதை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாது.

*

அந்தச் சோதனையில் பயன்பட்ட முதல் மருந்துதான் இமாடினிப். அதே 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பிசிஆர்-ஏபிஎல் புரதத்தின் ஒரு குழிவுக்குள் போய் உட்கார்ந்து அதன் இயக்கத்தை நிறுத்துகிறது. இந்த மாத்திரையின் இந்திய வழக்கு சென்னையில் தொடங்கியது. நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் இறுதியாக மறுத்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் பேசப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைத்ததால் அந்தத் தீர்ப்பை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

வழக்கின் சாரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நிறுவனம் காப்புரிமை கேட்டது இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு. மூலக்கூறு ஏற்கெனவே தெரிந்தது. படிகத்துக்குள் அந்த மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் புதியது. அந்த அடுக்கு மாத்திரையைச் சேமிக்க, தயாரிக்க வசதியானது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் கரைந்துவிடும். கரைந்தபின் அடுக்கு என்று ஒன்று இல்லை. சிகிச்சைப் பயனில் முன்னேற்றம் காட்டினாலொழிய தெரிந்த பொருளின் புதுவடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்கிறது 3(டி) பிரிவு. மூலக்கூறுகளின் அடுக்கு எப்போது பொருட்டு, எப்போது பொருட்டல்ல என்று நம் நீதிமன்றங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. செல்லுக்குள் உயிரையும் சாவையும் பிரிப்பது மூலக்கூறுகளின் அடுக்குதான். டப்பாவுக்குள் இருக்கும்போது அது விற்பனைக்கான காரணம் மட்டுமே.

'எங்கே' என்பதையே குறிவைக்கும் மருந்துகள் அதன்பின் வந்தன. 2005இல் புருனாங்கெலோ பாலினியின் குழு, தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்ட பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, உட்கருவில் இருக்கவேண்டிய நியூக்ளியோபாஸ்மின் புரதம் சைட்டோபிளாசத்தில் கிடப்பதைக் காட்டியது. சாயமேற்றிய ஸ்லைடில் அது வெளியே கிடக்கும் காட்சியிலிருந்துதான் பிறழ்வையே தேடிப் பிடித்தார்கள். உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே அனுப்பும் வழியை அடைக்கும் செலினெக்ஸார் 2019இல் மல்டிபிள் மைலோமாவுக்கு அனுமதிக்கப்பட்டது. செல் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை உள்ளேயே நிறுத்திவைப்பது அதன் உத்தி.

தோற்றவையும் உண்டு. அவற்றை விட்டுவிட்டுப் பேசினால் 'எங்கே' என்பதும் இன்னொரு மந்திரச் சொல்லாகிவிடும். ராஸ் என்ற புரதம் பல புற்றுகளில் பிறழ்ந்திருக்கிறது. அது செல்சவ்வின் உட்பக்கத்தில் ஒரு கொழுப்பு வாலால் தொற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும். வாலை ஒட்டும் நொதியைத் தடுத்தால் ராஸ் செயலற்றுவிடும் என்று 1990களில் பல நிறுவனங்கள் மருந்து செய்தன. விலங்குகளில் பலித்தது. மனிதரில், கே-ராஸ் இன்னொரு நொதியிடம் போய் வேறொரு கொழுப்பு வாலை வாங்கிக்கொண்டு அதே சவ்வில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பாதையை அடைத்தால் மூலக்கூறு அடுத்த பாதையில் போகும். அந்த மருந்துகளில் ஒன்றான லோனாபார்னிப் 2020இல் முற்றிலும் வேறு நோய்க்கு அனுமதி பெற்றது: குழந்தைகளை மூப்படையச் செய்யும் புரோஜீரியா. அங்கும் சிக்கல் இடம்தான். உட்கருவின் உறையில் ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும் ஒரு புரதம்.

*

இவ்வளவு காலம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்ல முடியாது. பார்க்க முடியவில்லை. 1873இல் எர்ன்ஸ்ட் அபே கணக்கிட்டபடி, ஒளி நுண்ணோக்கியால் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. சுமார் 200 நானோமீட்டர். ஒரு புரதம் சில நானோமீட்டர்தான். அருகருகே நூறு புரதங்கள் இருந்தாலும் நுண்ணோக்கியில் ஒரே மங்கல் புள்ளி. மூலக்கூறுகளை அடையாளம் காணவேண்டுமென்றால் கட்டியை அரைத்து, பிழிந்து, பிரித்தெடுக்க வேண்டும். ஏலத்துக்கு வரும் தேயிலைத் தூள் மூட்டையைப் பார்த்து எந்த டிவிஷனில் எந்தச் சரிவில் பறித்த கொழுந்து என்று சொல்வது போன்ற வேலை அது. இருப்பதெல்லாம் தெரியும், எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது அரைக்கும்போதே போய்விடும்.

அந்த நிலை கடந்த இருபது ஆண்டுகளில் மாறியது. மூலக்கூறுகளை ஒரே சமயத்தில் ஒளிரவிடாமல் சில சிலவாக ஒளிரவைத்து, ஒவ்வொன்றின் மையத்தையும் குறித்துக்கொண்டு படம் சேர்ப்பது ஒரு வழி. ஒளிரும் வட்டத்தின் ஓரத்தை இன்னொரு ஒளிக்கற்றையால் அணைத்து, வட்டத்தைச் சுருக்குவது மற்றொன்று. எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவரும் இவற்றுக்காக 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2015இல் எட் பாய்டனின் ஆய்வகம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: நுண்ணோக்கியை மாற்றாமல் செல்லைப் பெரிதாக்குவது. குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகைப் பொருளைச் செல்லுக்குள் வலையாக வளர்த்து, மூலக்கூறுகளை அதில் பிணைத்து, தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் ஒரே விகிதத்தில் நான்கு மடங்குக்கு மேல் விரிந்தது. 2016இல் ஸ்டாக்ஹோமில் ஒரு குழு, திசுச் சீவலை வைத்த கண்ணாடியிலேயே ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடையாளம் பொறித்து, எந்தெந்த மரபணுக்கள் எங்கெங்கே பேசுகின்றன என்று வரைபடம் போட்டது. அந்தத் துறையை 2020ஆம் ஆண்டின் முறை என்று 'நேச்சர் மெத்தட்ஸ்' தேர்ந்தெடுத்தது.

இந்தப் பாதையில் தென்னிந்தியாவின் பங்கு சிறிதல்ல. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பு என்று முன்வைத்தார்கள். மார்புக் கட்டி விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதற்குப் பெரும் காரணம் புற்றுச்செல்களைச் சுற்றி அடர்ந்துவிட்ட அந்தக் கொலாஜன்தான். கட்டியின் ஓரத்தில் கொலாஜன் இழைகள் வெளிநோக்கி நேராக நிமிர்ந்து நின்றால் செல்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறுகின்றன என்று இந்த நூற்றாண்டில் கண்டார்கள். வெளியே இருக்கும் இந்த விறைப்பு உள்ளேயும் போகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வேலை செய்து பிறகு சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து சென்ற ஜி.வி. சிவசங்கர், செல்லின் வடிவத்தை மாற்றினால் உட்கருவுக்குள் குரோமோசோம்களின் அண்டை மாறுகிறது, அதனால் எந்த மரபணு பேசும் என்பதும் மாறுகிறது என்று காட்டிவருகிறார். அதே மையத்தில் சத்யஜித் மேயர் செல்சவ்வின் சில புரதங்கள் சீராகப் பரவாமல் சிறு சிறு கொத்துகளாக இருப்பதையும், செல் தன் ஆற்றலைச் செலவிட்டு அந்தக் கொத்துகளை உண்டாக்குவதையும் நிறுவினார். நேரம் போனால் கலந்துவிடக்கூடியதைக் கலக்கவிடாமல் வைத்திருக்க உயிருள்ள செல் செலவு செய்கிறது.

எங்கள் மலைத்தொடருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நீலகிரிச் சோலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற இடங்களிலும் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்ற சிறு மரம், வெட்டினால் நாறும். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பம்பாய் சிபா ஆய்வு மையத்துக்குப் போன டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் 1972இல் அதில் கேம்ப்டோதெசின் இருப்பதைக் கண்டார்கள். 1966இல் வால், வானி குழு சீன மரமொன்றில் கண்ட அதே பொருள். இங்கே கூடுதல் அளவில். அதிலிருந்து வந்த டோபோடெகான், இரினோடெகான் மருந்துகள் இன்று புற்றுநோய் வார்டுகளில் சாதாரணம். கேம்ப்டோதெசின் வேலை செய்யும் விதம் முழுக்க இடம் சார்ந்தது. டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்த ஒரு நொதி அதன் ஓர் இழையை வெட்டி, சுழலவிட்டு, மறுபடி ஒட்டும். வெட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவிலான அந்தக் கணத்தில் வெட்டுவாயில் போய் இது செருகிக்கொள்கிறது. ஒட்டமுடியாமல் நொதி அங்கேயே சிக்கிவிடுகிறது.

தன் உடம்பிலேயே இந்த விஷத்தைச் சுமக்கும் செடி சாகாமல் இருப்பது எப்படி? 2008இல் வந்த விடை: இதைச் சுரக்கும் சில செடிகளில் அந்த நொதியின் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, மருந்து செருகிக்கொள்ள இடமில்லை. மருந்துக்கு மசியாத மனித இரத்தப் புற்றுச்செல்களிலும் அதே இடத்தில் அதே மாற்றம் முன்பே காணப்பட்டிருந்தது. செடியும் புற்றுச்செல்லும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தற்காப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு மரத்தில் மருந்துப்பொருள் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதும் இதே கேள்விதான். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் உமா ஷாங்கர் குழுவும் சென்னை ஐஐடியில் டி. பிரதீப்பின் குழுவும் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு மரத்தில் இருக்கும் ரோஹிட்டுகைன் என்ற புற்றெதிர்ப்புப் பொருள் விதையிலும் நாற்றிலும் எங்கெங்கே தங்குகிறது என்று 2015, 2016இல் படம் எடுத்தார்கள். மின்னூட்டிய கரைப்பான் துளிகளைத் தெளித்து, எழும்பும் மூலக்கூறுகளை எடைபோட்டு, புள்ளி புள்ளியாக வரைபடம் சேர்க்கும் முறை. கட்டியின் சீவலில் எது புற்று, எது ஓரம் என்று மூலக்கூறுகளைக் கொண்டு பிரிக்கவும் உலகில் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், முழு மரத்தையும் வேரோடு பிடுங்கி விற்பதற்குக் காரணம் குறையும். காட்டுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது.

*

இந்த ஆய்வுகளிடம் எனக்கு மிச்சமிருக்கும் சந்தேகம் ஒன்று. இந்த வரைபடங்களில் மிகப் பெரும்பாலானவை நிறுத்திவைத்த செல்களின் படங்கள். ஃபார்மலினில் இறுகி, சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டவை. ஒரு புரதம் உட்கருவில் இருந்தது என்று படம் சொல்லும். அங்கேயே குடியிருந்ததா, வெளியேறும் வழியில் இருந்ததா என்று சொல்லாது. இடம் மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் இடம் மாறியதா என்பதையும் படத்தை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. விக்னேரியும் வாங்கும் செய்ததுபோல ஒன்றைப் பிடித்து நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். வரைபடங்கள் குவியும் வேகத்துக்கு அப்படிப்பட்ட சோதனைகள் குவியவில்லை. படம் அழகாக இருப்பதாலேயே அது விளக்கம் ஆகிவிட்டது என்று நம்பிவிடும் அபாயம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அதைவிட அவசரமானது. அறுவை அறையில் எடுத்த சதைத்துண்டு இரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்தே மாறத் தொடங்குகிறது. ஆக்ஸிஜன் இல்லை, நொதிகள் அவிழ்கின்றன, புரதங்கள் நின்ற இடத்தை விட்டு விலகுகின்றன, சில சிதைகின்றன. சமிக்ஞைப் புரதங்களின் பாஸ்பேட் அடையாளங்கள் சீக்கிரமே அழியத் தொடங்கிவிடும். மார்பகப் புற்றுச் சோதனைக்கான சர்வதேச நெறிமுறை அதனால்தான் கறாராகச் சொல்கிறது: எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத ஃபார்மலினில் போடவேண்டும், அதில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கவேண்டும். துண்டு பெரிதென்றால் வெட்டித் திறக்கவேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் ஊறும்.

நம் ஊர்களில் அந்தப் பாட்டில் எப்படிப் பயணம் செய்கிறது என்பது தெரிந்ததுதான். சிறிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்து, பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, நோயாளியின் மகன் கையிலோ மருமகன் கையிலோ கொடுத்து, கோவையிலோ கோழிக்கோட்டிலோ இருக்கும் லேபின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை லேப் மூடியிருக்கும். அன்றைய கூலியை இழக்க முடியாமல் பாட்டில் இரண்டு நாள் வீட்டு அலமாரியில் இருக்கும். சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களாக இருந்தாலும், காட்டோரத்துப் பணியர் குடியிருப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். அப்படித் தாமதமான துண்டில் ஹெர்-2வின் வளையம் மங்கி 3+ என்பது 1+ ஆகத் தெரிந்தால், டிராஸ்டுசுமாப் அந்தப் பெண்ணுக்கு எழுதப்படாது. அவள் செல்லில் புரதம் சரியான இடத்தில் இருந்திருக்கும். ஸ்லைடில் இராது.

ஆகவே புற்றுச்செல்லுக்குள் மூலக்கூறுகளின் இடத்தை ஆராய்வது என்பது கேம்பிரிட்ஜிலோ ஸ்டாக்ஹோமிலோ தொடங்குவதல்ல. கட்டியை வெட்டியெடுக்கும் மேசையில் தொடங்குகிறது. அங்கே தேவைப்படுவது விலையுயர்ந்த நுண்ணோக்கி இல்லை. சரியான அளவு ஃபார்மலின், வாயகன்ற பாட்டில், அதன்மேல் எடுத்த நேரமும் போட்ட நேரமும் எழுதிய ஒரு சீட்டு, தோட்டத்துக்கூலியை நம்பி நிற்காமல் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசு ஏற்பாடு செய்த ஒரு ஆள். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சீட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்து, தாமதமான துண்டை 'நம்பத்தகாதது, மறுபடி எடுக்கவும்' என்று துணிந்து எழுதக்கூடிய பேத்தாலஜிஸ்ட் மலையிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரிப்போர்ட்டைக் கொண்டுவருகிறவர்கள் என்ன நோய் என்று கேட்கட்டும். வாசித்துச் சொல்கிறவர்கள் அதற்குமுன் அந்தத் துண்டு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு ஃபார்மலினில் விழுந்தது என்று ஆஸ்பத்திரியிடம் கேட்கப் பழகவேண்டும்.